விராலுக்குக் கரையிலிருந்து எந்த ராடு, எந்த ரீல்?

நீடாமங்கலம் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது:

"அண்ணே, அமெரிக்காக்காரர்கள் பாஸ் மீன் பிடிக்கும் வீடியோவாகப் பார்த்துப் பார்த்து ஆசை வந்துவிட்டது. எல்லோரும் ஏழு அடி ராடு, பெயிட்காஸ்டர் ரீல் என்கிறார்கள். நம் பக்கத்து விராலுக்கும் அதுவே சரிப்படுமா? படகெல்லாம் கிடையாது, கரையில் நின்றுதான் போடணும். கையில் ஐயாயிரம் இருக்கிறது. ராடுக்கு எவ்வளவு, ரீலுக்கு எவ்வளவு?"

ஜூன் 3

பெயிட்காஸ்டர் வேண்டாம் தம்பி. முதல் செட் ஸ்பின்னிங்காக இருக்கட்டும். எட்டு அடி ராடு, மீடியம் பவர், 4000 சைஸ் ரீல் (எண் கூடினால் ரீல் பெரிது). கரையில் நிற்கிறவனுக்குத் தூரம் போனால்தான் மீன். காசைப் பாதி ராடுக்கு, பாதி ரீலுக்கு.

ஜூன் 3, ராத்திரி

மத்தியானம் வேலைக்கு நடுவில் எழுதியதில் காரணம் ஒன்றும் சொல்லவில்லை.

பாஸ் நம் ஊர் மீன் இல்லை. ஆனால் அந்த வீடியோக்கள் வீண் இல்லை. பெருவாய் பாஸும் விராலும் வேட்டையாடுவது ஒரே மாதிரி. ஓடித் துரத்தாது. பாசி ஓரம், வேரடி, நிழல் பார்த்துப் பதுங்கி நிற்கும். தலைக்கு மேல் ஏதாவது நீந்தினால் ஒரே பாய்ச்சல். நரம்பில் கட்டும் முள் வைத்த ரப்பர் தவளையை வெங்காயத்தாமரை மேல் இழுத்தால் இரண்டும் அடிக்கும். பெரிய வித்தியாசம், விரால் மேலே வந்து காற்றை வாங்கிக்கொண்டு போகவேண்டும். செவுளை மட்டும் நம்பி உயிர் வாழ முடியாத மீன் அது. அதனால்தான் குட்டையோரம் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தால் 'புளக்' என்று ஒரு சத்தம் கேட்கும், வட்டம் விரியும். பாஸ்காரனுக்கு இப்படி ஒரு துப்புக் கிடைக்காது. நாம் முதலில் மீனைக் கேட்கிறோம், அப்புறம் வீசுகிறோம்.

அவர்கள் தவளை போடும்போது ஏழு அடி ஹெவி ராடும் 50, 65 பவுண்டு தாங்கும் பிரெய்டும் (பின்னல் நரம்பு) வைத்திருப்பார்கள். தடிப்பாகத் தெரியும். காரணம் மீனின் எடை இல்லை. மீனோடு சேர்ந்து வரும் பாசியின் எடை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ஜூன் 5

பெயிட்காஸ்டரை ஏன் வேண்டாம் என்றேன்?

அந்த ரீலில் நரம்பு சுற்றிய உருளையே சுழலும். தவளை காற்றில் வேகம் குறைந்தாலும் உருளை அதே வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். கட்டைவிரலை வைத்து அடக்கவேண்டும். அடக்கத் தவறினால் நரம்பு முழுக்கத் தூக்கணாங்குருவிக் கூடு. எதிர்க்காற்றில் இது இரட்டிப்பு. ஆடி மாசம் நம் பக்கம் அடிக்கும் மேல்காற்றை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வாழை மரத்தையே முறிக்கும் காற்றில் பத்து கிராம் ரப்பர் தவளை எம்மாத்திரம். என் நண்பர் ஒருவர் கோரையாற்றங்கரையில் ஒரு முழுச் சாயங்காலம் சிக்கெடுத்தே உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் போகிற வரைக்கும் மீன் பாய்ந்துகொண்டிருந்தது, அவர் ஊசியால் நரம்பை நெம்பிக்கொண்டிருந்தார்.

ஸ்பின்னிங் ரீலில் உருளை அசையாது. நரம்பு தானாகக் கழன்று போகும். காற்றில் வளையும், தூரம் குறையும், வேலை நிற்காது. கை பழகிய பிறகு பெயிட்காஸ்டர் அருமையான சாமான், இலை மேல் ஒரு சாண் இடத்தில் தவளையை இறக்கலாம். அது இரண்டாவது செட்.

ஜூன் 11

"மீடியம், மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் என்று எழுதியிருக்கிறதே, என்ன அர்த்தம்?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

என் அப்பா தூண்டிலுக்கு மூங்கில் வெட்டும்போது கொல்லையில் நாலைந்து கழியை நுனியில் பிடித்து வளைத்துப் பார்ப்பார். வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர். எங்கே வளைகிறது என்பது ஆக்‌ஷன். நுனி மட்டும் வளைந்து அடி விறைப்பாக நின்றால் ஃபாஸ்ட். நடுவிலிருந்து வளைந்தால் மாடரேட். கைப்பிடி வரை வளைந்தால் ஸ்லோ. இரண்டும் வேறு வேறு. பெரிய மீனையும் தூக்கும் கழி நுனியில் மட்டும் வளையலாம். கெண்டைக் கழி அடிவரை வளையலாம்.

கைப்பிடிக்கு மேலே இரண்டு எண் அச்சடித்திருக்கும். ஒன்று நரம்பின் பவுண்டு. இன்னொன்று வீசவேண்டிய எடை, 10-30 கிராம் என்பது போல. இந்த இரண்டாவதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். 10-30 ராடில் ஆறு கிராம் தவளையைக் கட்டினால் ராடு வளையவே வளையாது, தவளை காலடியில் விழும். அதே ராடில் ஐம்பது கிராம் ஈயத்தைக் கட்டி முழு வீச்சு வீசினால் நுனி போகும்.

மேட்டூர் நாளைக்குத் திறந்தாலும் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை குட்டைதான்.

ஜூன் 29

ஜூன் 3-ல் எழுதியதைத் திருத்துகிறேன். மீடியம் பவர் என்றது தப்பு. எட்டு அடி என்றதும் பாதி தப்பு.

நேற்று விடியற்காலை. வடிகால் வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்து மூன்று நாள். மதகுக்குக் கீழே வெங்காயத்தாமரை ஒதுங்கி, நடுவில் ஒரு பாய் அகலத்துக்குத் தெளிந்த இடம். தவளையை அந்தப் பக்கம் இலை மேல் போட்டு மெதுவாக இழுத்தேன். விளிம்புக்கு வந்ததும் சுற்றுவதை நிறுத்தினேன். இரண்டு முழம் தள்ளி ஒரு தாமரைக் கொத்து தானாக விலகியது. காற்று இல்லை. அடுத்த கொத்து விலகியது. அது வருகிறது என்று தெரிகிறது, கை சும்மா இருக்கவேண்டும். தண்ணீர் லேசாக மேடு தட்டிற்று. அப்புறம் செங்கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம், தவளை இருந்த இடத்தில் குழி.

ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் ராடைத் தூக்கினேன். உடனே இழுத்தால் வாயிலிருந்து தவளை மட்டும் பறந்து வரும், அந்தப் பாடம் பழசு. முள் ஏறியது. ஆனால் என் ராடு அந்த எட்டு அடி மீடியம். நுனியிலிருந்து நடு வரை வளைந்தது, இன்னும் வளைந்தது, மீன் தலை மட்டும் திரும்பவில்லை. வளைகிற நேரத்தில் அது வேரடிக்குள் போய்விட்டது. இழுத்ததில் ஒரு கூடை வெங்காயத்தாமரை வந்தது. மீன் இல்லை. ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது.

அமெரிக்காக்காரன் ஹெவி ராடு வைப்பதன் காரணத்தை நானே எழுதிவிட்டு நானே மீடியம் வாங்கச் சொல்லியிருக்கிறேன். மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். முள் ஏறிய முதல் மூன்று நொடியில் மீனின் தலையை மேலே திருப்பி, பாசி மேலேயே வழுக்கிக்கொண்டு வரவேண்டும். அந்த மூன்று நொடிக்குத்தான் ராடு.

ஜூன் 30

தூரம் பற்றியும் ஒரு மாற்று எண்ணம்.

இந்த ஒரு மாசமாக நான் பார்த்த பாய்ச்சல்களை எண்ணிப் பார்த்தேன். பத்தில் ஏழு, எட்டு என் கரையிலேயே, கரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குள். நான் எதிர்க்கரைக்கு வீசிக்கொண்டிருக்கிறேன், மீன் என் செருப்புக்குக் கீழே நிற்கிறது. காட்டாமணக்கு நிழல், நண்டு வளை, வரப்பிலிருந்து குதிக்கும் தவளை எல்லாம் கரையோரம்தானே. ஆக, கரைக்கு நேரே வீசாமல் கரையை ஒட்டி, நீளவாக்கில் வீசுங்கள். நம் ஆறுகள் பெரும்பாலும் கிழக்கே ஓடுகின்றன, ஆடிக்காற்றும் மேற்கிலிருந்து. முதுகில் காற்றை வாங்கிக் கிழக்கே பார்த்து வீசினால் காற்றே கொண்டுபோய்ச் சேர்க்கும். இதற்கு ஏழு அடி தாராளம்.

தடதடவென்று கரையில் நடந்து போகாதீர்கள். அந்த அதிர்வில் ஓரத்து மீன் எல்லாம் உள்ளே போய்விடும்.

ஜூலை 2

எட்டு அடி வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொண்டார்கள். நியாயம்தான். கல்லணைக் கால்வாய் மாதிரி உயரமான கரை, அல்லது காட்டாமணக்கு ஐந்தடி அகலத்துக்கு மண்டிய கரை என்றால் எட்டு அடிதான் நரம்பைச் செடிக்கு மேலே தூக்கிப் பிடிக்கும். ஏழு அடியில் ஒவ்வொரு இழுப்புக்கும் செடியில் மாட்டும். முதுகுக்குப் பின்னால் தென்னை, மூங்கில் புதர் என்றால் ஆறரை கூட அதிகம். பலகைப் பாலத்தில் நின்று போடுகிறவருக்கு ஆறரைதான் சுகம்.

எந்த இடத்தில் அதிகம் நிற்பீர்கள் தம்பி? அதைச் சொல்லாமல் நான் அடிக்கணக்குச் சொன்னதே சரியில்லை.

ஜூலை 3

"வெண்ணாற்றங்கரை, இரண்டு பக்கமும் கோரை, பின்னால் ரோடு" என்கிறார். சரி, ஏழு அடி.

ஜூலை 9

நரம்பு. ராடையும் ரீலையும் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, மீனுக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற சாமானைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

நைலான் நரம்பு நீளும். முப்பது மீட்டர் தூரத்தில் சுண்டினால் சுண்டலில் பாதி நரம்பிலேயே போய்விடும்; விராலின் வாய் எலும்பில் முள் ஏறாது. பிரெய்டு நீளாது, பாசித் தண்டை அறுத்துக்கொண்டு வரும். நம் வாய்க்காலுக்கு 30 அல்லது 40 பவுண்டு போதும். 30 பவுண்டு என்றால் பதிமூன்று கிலோவுக்கு மேல். அந்த எடைக்கு நம் வாய்க்காலில் மீன் இல்லை, பாசி இருக்கிறது. தவளை போடும்போது லீடர் (நுனியில் சேர்த்துக் கட்டும் தனி நரம்பு) எதுவும் வேண்டாம், பிரெய்டையே இரட்டையாக மடித்துப் போடும் பாலோமர் முடிச்சில் நேரே கட்டலாம். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனையுங்கள்.

பிரெய்டை வெறும் உருளையில் சுற்றாதீர்கள். வழுக்கும். வெளியில் இறுகினாற்போலத் தெரிந்து மொத்தமும் உருளையோடு சேர்ந்து சுழலும். அடியில் பத்துச் சுற்று நைலானைச் சுற்றி, அதன் மேல் பிரெய்டு. உருளை விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்தவேண்டும். அதிகம் நிரப்பினால் கொத்தாகக் கழன்று வரும், குறைவாக நிரப்பினால் விளிம்பில் உரசித் தூரம் குறையும்.

ஜூலை 21

ரீலுக்குப் பாதிக் காசு என்றதைத் திரும்பப் பெறலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் தவளை வீச்சில் ரீல் செய்யும் வேலை குறைவு. வேகம், பத்து பேரிங், இதெல்லாம் பெட்டியின் மேல் பெரிதாக இருக்கும். நல்ல நாலு பேரிங் ரீல் சுமாரான பத்தை விட மேல்.

ஆனால் போன வாரம் நடந்ததைச் சொல்லவேண்டும். இரண்டாவது செட்டுக்கென்று விலை குறைவாக ஒரு ரீல் வாங்கினேன். மூன்றாவது நாள், குரவைதான், விராலின் சின்ன உறவு, கால் கிலோ இருக்கும், இழுத்ததும் கைப்பிடி பின்பக்கம் சுழல ஆரம்பித்தது. பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் உள் உருளை வழுக்கிவிட்டது. கைப்பிடி என் விரல் கணுவில் இரண்டு அடி அடித்தது. கடைக்குக் கொண்டுபோனால், "தண்ணி உள்ளே போயிருக்கு, மாத்தித் தர முடியாது" என்று ஒரே பேச்சு. மீன் பிடிக்கிற ரீலில் தண்ணீர் படாமல் எப்படி இருக்கும்? அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அதனால் கடையிலேயே பாருங்கள். கைப்பிடியை முன்னால் சுற்றி, பாதியில் நிறுத்தி, பின்னால் ஆட்டுங்கள். அரை விரற்கடை கூட ஆடக்கூடாது. நரம்பை உருளையில் சுற்றிவிடும் வளைந்த பெயில் கம்பியைத் திறந்து கையாலேயே மூடுங்கள். லொடலொடப்பு இருந்தால் வேண்டாம். நரம்பு திரும்பும் இடத்தில் ஒரு சின்னக் கப்பி இருக்கும், அது விரல் பட்டால் உருளவேண்டும். உருளாத கப்பி பிரெய்டை ஒரே மாசத்தில் தின்றுவிடும். டிராகை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) பாதி இறுக்கி உருளையைக் கையால் சுற்றுங்கள். வெட்டி வெட்டி வந்தால் கீழே வையுங்கள். டைவா, ஷிமானோ மாதிரி பழகிய பெயர்களில் அடிமட்ட மாடல் போதும். 3000 அல்லது 4000 சைஸ், 5.2:1 அல்லது 6.2:1. இரண்டாவது எண்ணில் கைப்பிடி ஒரு சுற்றுக்கு நரம்பு கிட்டத்தட்ட ஆறேகால் சுற்று ஏறும். மீன் நம்மை நோக்கி ஓடிவரும்போது தொய்வை எடுக்க அது உதவும்.

ஜூலை 22

விட்டுப்போனது: வளையங்களைப் பஞ்சு விட்டுப் பார்க்கவேண்டும். கொஞ்சம் பஞ்சை உருட்டி ராடின் ஒவ்வொரு வளையத்திலும் நுழைத்து இழுங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் இழை மாட்டும். அந்தக் கீறல் பிரெய்டை அறுக்கும். என் பழைய ராடில் நுனியிலிருந்து மூன்றாவது வளையத்தில் பஞ்சு நின்றது. ஒரு வருஷமாக நரம்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 30

பஸ்ஸில் போகிறவர் கேட்டிருக்கிறார், மடக்கி நீட்டும் டெலஸ்கோப் ராடு நல்லதா என்று. பையில் அடங்கும், உண்மை. ஒவ்வொரு இணைப்பும் ஒரு பலவீனம். பாசிக்குள் சுண்டி இழுக்கும் வேலைக்கு ஆகாது. மண்ணும் உள்ளே போய்ச் சிக்கும். இரண்டு துண்டு ராடு வாங்கி, பிளம்பர் விற்கும் பிவிசி பைப்பில் போட்டு எடுத்துப் போங்கள்.

செப்டம்பர் 14

"அண்ணே, பாஸ் நம் ஊரில் இல்லை என்றீர்கள், மார்க்கெட்டில் சீ பாஸ் என்று விற்கிறார்களே?"

அது நம் கொடுவா. பேர் மட்டும்தான் பாஸ், அமெரிக்கப் பாஸுக்கு உறவில்லை. கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாறு பக்கம், முத்துப்பேட்டை அலையாத்திப் பகுதி, இங்கெல்லாம் உண்டு. உப்புத் தண்ணீரில் முட்டை விட்டு, குஞ்சு உள்நாட்டுத் தண்ணீருக்கு ஏறி வரும். முதலில் ஆணாக வளர்ந்து பின்னால் பெண்ணாக மாறும் மீன். சீர்காழி பக்கம் தொடுவாயில் இதற்குக் குஞ்சு பொரிப்பகமே இருக்கிறது.

விரால் செட் கொடுவாவுக்குப் பாதி ஒத்து வரும். மாற்றவேண்டியது மூன்று. செவுள் மூடி கத்தி மாதிரி, அதனால் இரண்டடிக்குக் கனமான நைலான் லீடர் கட்டாயம். அது திறந்த தண்ணீரில் ஓடும், அதனால் டிராக் தளர்வாக இருக்கவேண்டும். நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்காதீர்கள். மூன்றாவது, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ரீலைக் கழுவவேண்டும். கொள்ளிடத்தில் அணைக்கரை பக்கம் போகிறவர்கள் முழங்கால் தண்ணீரில்கூட இறங்காதீர்கள். அங்கே முதலை உண்டு.

அக்டோபர் 19

இதை முதல் குறிப்பிலேயே எழுதியிருக்கவேண்டும்.

கார்பன் ராடில் மின்சாரம் பாயும். நம் கரைகளில் பம்பு செட்டுக்குப் போகும் கம்பி எப்படித் தொங்குகிறது என்று பார்த்திருப்பீர்கள். ஏழு அடி ராடு, அதற்கு மேல் கை உயரம், வீச்சில் இன்னும் கொஞ்சம். நிற்கும் இடத்தில் தலைக்கு மேல் பாருங்கள். ஐப்பசி வந்தாயிற்று, இடி சத்தம் கேட்டால் ராடைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு விலகிப் போங்கள். மீன் நாளைக்கும் இருக்கும்.

நவம்பர் 8

ராடைப் பற்றியது இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அடைமழை விட்ட காலை. வயலுக்குப் பக்கத்துக் குட்டையில் செந்நிறத்தில் தட்டு அளவுக்கு ஒரு கொதிப்பு. விரால் குஞ்சுக் கூட்டம். மூச்சுக்கு மேலே வந்து வந்து போகும். கீழே தாயும் தகப்பனும் காவல். அதன் மேல் எதைப் போட்டாலும் அடிக்கும், பசியால் அல்ல. இரண்டு வருஷம் முன்பு நானும் போட்டேன். ஒரே வீச்சில் பெரியது மாட்டியது. கரையில் அதைப் பிடித்துக்கொண்டிருந்தபோது குஞ்சுக் கூட்டம் உடைந்து சிதறியது. பத்து நிமிஷத்தில் ஜிலேபி மீன்கள் ஓரத்திலிருந்து உள்ளே வந்தன. பார்த்துக்கொண்டே நின்றேன். கையில் இருந்ததை விட்டேன், ஆனால் அது கூட்டத்துக்குத் திரும்பியதா என்று தெரியவில்லை.

செந்நிறக் கொதிப்பு பார்த்தால் தள்ளிப் போய் வீசுங்கள். அடுத்த வருஷத்து மீன் அதில்தான் இருக்கிறது.

டிசம்பர் 7

நீடாமங்கலம் தம்பி வாங்கிவிட்டார். ஏழு அடி மீடியம் ஹெவி, இரண்டு துண்டு, 10-30 கிராம், 3000 ரீல், 30 பவுண்டு பிரெய்டு. முதல் மீன் முக்கால் கிலோ விரால். படம் அனுப்பினார், கையெல்லாம் சேறு.

என் மகளும் ராடு கேட்கிறாள், வயது ஒன்பது. அவளுக்கு இதில் எதுவும் ஆகாது. ஐந்தரை அடி லைட் ராடு, 1000 சைஸ் ரீல், மெல்லிய நைலான், மயிலிறகுத் தக்கை, மண்புழு. ஜிலேபி, கெண்டை கொத்தும்போது தக்கை இரண்டு முறை தலையாட்டி முங்குமே, அதைப் பார்க்கிற கண் முதலில் வரட்டும். ரப்பர் தவளை அப்புறம்.

ஜனவரி 29

மேட்டூரை நேற்று மூடியிருப்பார்கள். இனி வாய்க்கால் இறங்கும், மீன் குட்டையிலும் மதகடிப் பள்ளத்திலும் ஒதுங்கும். பிடிக்கச் சுலபமான நாள். குட்டை பெரும்பாலும் மீன்பாசிக் குத்தகையில் இருக்கும். குத்தகைக்காரரிடம் கேட்காமல் நரம்பை நனைக்காதீர்கள். நான் கேட்டவர்களில் பாதிப் பேர், "விராலை மட்டும் எடுத்துட்டுப் போங்க, கட்லா குஞ்சைத் தின்னுது" என்றே சொன்னார்கள்.

ஐயாயிரத்துக் கணக்கை இப்போது சரியாகச் சொல்கிறேன், அடுத்து வாங்குகிறவர்களுக்காக. பிரெய்டுக்கு முதலில் ஆயிரம் எடுத்து வைத்துவிடுங்கள். ராடுக்கு ஆயிரத்து எண்ணூறு. ரீலுக்கு ஆயிரத்து ஐந்நூறு, பின்னோக்கி ஆடாததாகப் பார்த்து. மிச்சத்தில் இரண்டு தவளை, பழுப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, அப்புறம் முள் கழற்ற மூக்கு நீண்ட ஒரு குறடு. குறடு இல்லாமல் விராலின் வாயில் விரலை விடாதீர்கள், பல் இருக்கிறது.